எரியாத யூதாஸ்

அந்த வருடம் பெரிய சனிக்கிழமையன்று சான் ஓனோஃப்ரேயில் யூதாஸ் எரியவில்லை. ஏசுவைக் காட்டிக்கொடுத்தவனை வருடா வருடம் பொம்மை செய்து எரிப்பது அந்த மலையூரின் வழக்கம். அந்த முறையும் வீடு வீடாகப் போய்ப் பழந்துணி கேட்டு வாங்கி, சோளத் தோகையைத் திணித்துத் தைத்து, கோணிச் சாக்கில் கண்ணும் மூக்கும் வரைந்து, வயிற்றுக்குள் வேட்டுச் சரத்தை வைத்து, சந்தைத் திடலின் இலவ மரத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். கோயிலுக்கு மணியடித்து விளக்கேற்றும் கோயில்பிள்ளை தீப்பந்தத்தை நீட்டினார். கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்குப் பிறகு ஒரு சொட்டு மழை பார்க்காத தோகை; பிடிக்கவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். மண்ணெண்ணெய் எரிந்து தீர்ந்தது, யூதாஸ் அப்படியே தொங்கினான். கசாப்புக் கடை இலாரியோ தன் கைக்காசில் இன்னொரு டின் வாங்கிவந்து ஊற்றினார். அதுவும் எரிந்து தீர்ந்தது, சட்டையில் ஒரு கரும்புள்ளிகூட விழவில்லை. உள்ளே வைத்த வேட்டுகளில் ஒன்று மட்டும் யாரோ இருமியதுபோலச் சத்தம் போட்டு அடங்கியது. வேடிக்கை கெட்டுப்போன கோபத்தில் பிள்ளைகள் அழுதார்கள். தோகை ஈரம் என்றார்கள் சிலர், மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறார்கள் என்றார்கள் சிலர். அந்த வாரம் சிவப்பு அவரையின் விலை ஏறியிருந்ததால், வீட்டுக்குப் போகும்போது பேச்சு பெரும்பாலும் அதைப் பற்றியே இருந்தது.

மறுநாள், ஏசு உயிர்த்த பாஸ்கா காலையில் மரத்தில் கயிறு மட்டும் இருந்தது. யூதாஸ் திடலின் கல் பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். அவனை முதலில் பார்த்தவள் ஒத்தீலியா பாராஓனா, பாலாடைக்கட்டி விற்கிறவள். சான் ஓனோஃப்ரேயில் எதிரே வருகிறவரைப் பெயர் சொல்லி வாழ்த்தாமல் கடந்துபோவது அவரைச் செத்தவர் கணக்கில் சேர்ப்பதற்குச் சமம். சண்டைக்காரர்கள்கூட முதலில் வாழ்த்துச் சொல்லிவிட்டுத்தான் வெட்டுக்கத்தியை எடுப்பார்கள். ஆகவே தலையில் கூடையோடு, யோசிக்காமலே, "நல்ல நாளா இருக்கட்டும், யூதாஸ்" என்றாள். அவன் தொப்பியின் விளிம்பைத் தொட்டு மரியாதை செய்தான். இன்னும் கொஞ்ச தூரம் நடந்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தோகை அடைத்த ஆள் தொப்பியைத் தொட்டதற்காக அல்ல. அந்தப் பெஞ்சின் முன்னால் யாரையும் பெயர் சொல்லி வாழ்த்துவதை அவள் நிறுத்திப் பல வாரமாகியிருந்தது. அதற்குக் காரணம் இருந்தது, அந்தக் காரணத்தைப் புருஷனைத் தவிர யாரிடமும் அவள் சொல்லியிருக்கவில்லை.

காரணம் உபதேசியார் மெலேசியோ. பங்குச் சாமியார் கோவேறு கழுதையில் மாதத்துக்கு ஒருமுறைதான் மலையேறி வருவார். மற்ற ஞாயிறுகளில் கோயிலில் வாசகம் வாசித்து, அதைப் பற்றி நாலு வார்த்தை பேசுவது மெலேசியோவின் வேலை. சோளம் விதைக்கிற கை, ஆனால் வாய் நல்ல வாய். பாஸ்காவுக்கு ஆறு வாரம் முன்பு, தவக்காலத்தின் முதல் ஞாயிறு, அவர் ஓடையைப் பற்றிப் பேசினார். மேலே காப்பித் தோட்டத்து ஆலை, பழத்தோல் கழுவிய தண்ணீரை ஓடையில் விட்டுக்கொண்டிருந்தது. அதைக் குடித்த பிள்ளைகளுக்கு வயிறு நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. ரெண்டு சிறிய சவப்பெட்டிகளை ஊர் ஏற்கெனவே சுமந்தாயிற்று. "கடைசி நாள்ல கடவுள், என்னத்தத் திருடினேன்னு மட்டும் கேக்க மாட்டார்," என்றார் மெலேசியோ. "பக்கத்து வீடு எரிஞ்சப்ப உன் குடம் எங்க இருந்துச்சுன்னும் கேப்பார். அப்ப நீங்க என்ன பதில் சொல்லுவீங்களோ, எனக்குத் தெரியாது. எங்கிட்ட பதில் இல்ல. அதனால நாளைக்கு நான் ஆலைக்குப் போறேன்." போனார். தனியாகத்தான் போனார். அதற்கு அடுத்த புதன்கிழமை, சந்தை நாள், பட்டப்பகலில் ஒரு பச்சை ஜீப் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. ஊரே திடலில் இருந்தது. யாரும் பார்க்கவில்லை.

இலாரியோ கீழே விழுந்த கத்தியை எடுக்கக் குனிந்திருந்தார். வெங்காயக்காரி உருண்ட வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கோயில்பிள்ளைக்குச் செருப்பு வார் அறுந்திருந்தது. பள்ளி ஆசிரியை கண்ணில் விழுந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார், அதையும் குனிந்தபடியேதான் துடைத்தார். ஒரு ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் குனிந்தது, யோசித்துப் பார்த்தால் யூதாஸ் எரியாததைவிடப் பெரிய அதிசயம். ஆனால் அதை யாரும் அதிசயமென்று சொல்லவில்லை. மெலேசியோவின் மனைவி கசில்தா மாவட்ட நகரத்துக்குப் போனாள். படை முகாமில் அப்படி ஒரு ஆளே வரவில்லை என்றார்கள். நீதிபதி அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, பிடித்துக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்த இரண்டு பேராவது வந்து சொன்னால்தான் முகாமைத் திறந்து காட்டச் சொல்லித் தன்னால் உத்தரவு போட முடியும் என்றார். அவர் நல்லவர்தான், ஆனால் கதவைச் சாத்திவிட்டுத்தான் இதைச் சொன்னார். "சீக்கிரம் கூட்டிட்டு வாம்மா. உள்ள போனவங்க ரொம்ப நாள் தாங்குறதில்ல" என்றும் சொன்னார்.

கசில்தா ஒரு வீடு விடாமல் போய்க் கேட்டாள். எல்லோரும் அவளுக்குக் காப்பி கொடுத்தார்கள். கடைசியில் ஒத்தீலியாவின் வீட்டுக்கு வந்தாள். கசில்தாவின் மகளுக்கு ஒத்தீலியாதான் ஞானத்தாய், அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிடுவார்கள்.

"உன் கூடை அந்தப் பெஞ்சு பக்கத்துலதானே இருந்துச்சு, கொமாத்ரே?"

"இருந்துச்சு."

"அப்புறம்?"

"கட்டி ஒண்ணு கீழ விழுந்துருச்சு. எடுக்கக் குனிஞ்சேன்."

"நீ விக்க ஆரம்பிச்ச நாள்லேருந்து ஒரு கட்டி கீழ விழுந்து நான் பாத்ததில்ல," என்றாள் கசில்தா. காப்பியை முழுசாகக் குடித்துவிட்டு, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

ஒத்தீலியா குனிந்திருக்கவில்லை. அன்று திடலில் குனியாதவள் அவள் ஒருத்திதான். அவரை ஜீப்பில் ஏற்றிய ரெண்டு பேரும், ஜீப் வருவதற்கு முன்பே, காலையிலிருந்து சிகரெட் பிடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை அவள் பார்த்தாள். வெளியூர் ஆட்கள்; யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. ஒருவனுக்கு இடது காதில் பாதி இல்லை. மெலேசியோ ஒரு கட்டுக் கயிறோடு வந்தார். அவளுக்கு எதிரே வந்ததும் அவள் வழக்கப்படி, பெயருக்கு முன்னால் மரியாதைக்கு ஒரு தோன் சேர்த்து, "நல்ல நாளா இருக்கட்டும், தோன் மெலேசியோ" என்றாள். பாதிக் காதன் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்துவிட்டு எழுந்தான், ஜீப் வந்து நின்றது. அவர்கள் யாரையும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. இந்த ஊரில் காத்திருந்தால் போதும், ஊரே பெயர் சொல்லி ஆளைக் காட்டிவிடும் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அன்று இரவே அவள் புருஷன் ருஃபீனோவிடம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் அந்த ஆலையில்தான் வேலை பார்த்தார்.

"இந்த வீடு யாரு நிலத்துல நிக்குது?" என்று கேட்டார் அவர்.

"தோட்டத்து நிலத்துல."

"அப்ப நீயும் குனிஞ்சுதான் இருந்தே."

யூதாஸ் விஷயத்துக்கு வருவோம். முதலில் அவனை அது என்று சொன்னவர்கள் சில நாளில் அவன் என்று சொல்லப் பழகிவிட்டார்கள். அவன் யாருக்கும் ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை. காலையில் ஏதாவது ஒரு வீட்டு வாசலுக்கு எதிரே போய் உட்காருவான், சாயங்காலம் எழுந்து வேறு இடம் போவான். நாய்கள் குரைக்கவில்லை. கோழிகள் அவன் கால்சட்டையிலிருந்து உதிர்ந்த தோகையைக் கிளறிப் பார்த்துவிட்டு நகர்ந்தன. தொந்தரவெல்லாம் அவன் முகத்தால்தான் வந்தது. சாக்கில் கரியால் வரைந்த முகம். கோயில்பிள்ளைதான் வரைந்தார், அவருக்கு வரையத் தெரியாது என்பது ஊருக்கே தெரியும். இருந்தும் அதில் யாருடைய ஜாடையோ இருக்கிறது என்று ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். எரியாத யூதாஸ் என்றால் உயிரோடு ஒரு யூதாஸ் ஊருக்குள் இருக்கிறான் என்றுதானே அர்த்தம்? அவன்தான் மெலேசியோ ஆலைக்குப் போனதைத் தோட்டத்தில் போட்டுக்கொடுத்திருக்கிறான், அவன் முகத்தைத்தான் இந்தச் சாக்கு காட்டுகிறது, ஆளைக் கண்டுபிடித்துவிட்டால் விஷயம் முடிந்தது. மெலேசியோ ஆலை வாசலில் நின்று எல்லோர் காதிலும் விழும்படி தன் பெயரைச் சொல்லிவிட்டு வந்தவர், அதற்குப் போட்டுக்கொடுக்க ஒரு ஆள் தேவையே இல்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு சாட்சிகளைத் தேடுவதை விட ஒரு துரோகியைத் தேடுவது எல்லோருக்கும் எளிதாக இருந்தது.

அதற்குப் பிறகு சான் ஓனோஃப்ரேயில் நிம்மதியாக ஒருவர் புதுச் செருப்பு வாங்க முடியவில்லை. காசு எங்கிருந்து வந்தது? பழைய செருப்போடு நடந்தால், ஏழையாக நடிக்கிறானா? தோட்டத்துப் பக்கம் போனவனைச் சந்தேகப்பட்டார்கள், போகாமலே இருந்தவனை இன்னும் அதிகமாகச் சந்தேகப்பட்டார்கள். வெங்காயக்காரி தன் மருமகன் கதவை ஏன் உள்ளே தாழ்ப்பாள் போடுகிறான் என்று பக்கத்து வீட்டில் கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரி, வெங்காயக்காரி ஏன் கேட்கிறாள் என்று கோயில்பிள்ளையிடம் கேட்டாள். யூதாஸ் எந்த வீட்டெதிரே உட்கார்ந்தானோ அந்த வீட்டில் அன்று முழுக்கப் பால் விற்காது, யாரும் நெருப்புக் கேட்டு வரமாட்டார்கள். ஆனால் ஒரு விஷயத்தை எல்லோரும் ஒரே மாதிரி செய்தார்கள். அவன் முகத்தை ஒரு தடவை உற்றுப் பார்ப்பார்கள், சட்டென்று முகம் வெளுக்கும், உடனே அடுத்தவர் பெயர் ஒன்றைச் சொல்வார்கள். ஒத்தீலியாவும் அப்படித்தான் செய்தாள். அவள் பார்த்தபோது சாக்கில் தெரிந்தது அவளுடைய சொந்த முகம், இடது புருவத்தில் இருக்கும் சின்னத் தழும்பு உட்பட. "நாவிதர் ஜாடை தெரியுது" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

நாவிதர் நசாரியோ கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர். பிழைக்க வந்த ஊரில் எத்தனை வருடம் இருந்தாலும் வந்தவர் வந்தவர்தான். கடை திடலைப் பார்த்த மாதிரி இருந்தது, தோட்டத்துக் கங்காணி வாரா வாரம் அங்கேதான் சவரம் செய்துகொள்வார், நசாரியோவுக்கோ வாய் ஓயாது. இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்? ஊர் ஆண்கள் தாடி வளர்க்க ஆரம்பித்தார்கள். அந்தக் கத்திக்குக் கீழே கழுத்தை நீட்டுவதைவிட ஆட்டுக்கிடா மாதிரித் திரிவது மேல் என்றார் இலாரியோ. ஒரு நாள் காலை யூதாஸ் எல்லோரும் பார்க்க அந்தக் கடைக்குள் போய்ச் சவர நாற்காலியில் உட்கார்ந்தான். வேறு வேலை இல்லாத நசாரியோ அவன் கழுத்தில் துண்டைக் கட்டி, சாக்கு முகத்தில் நுரை தடவி, பதமாகச் சவரம் செய்து அனுப்பினார். "வந்தவங்கள நிக்க வெச்சா நல்லாருக்குமா?" என்று அவர் கேட்டது வாசலில் நின்றவர்களுக்குக் கேட்டது. கூட்டாளிகள் சந்தித்துப் பேசிக்கொண்டார்கள் என்று மதியத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

அந்த மாதத்துச் சாமியார் வந்து சேர்ந்தார். யூதாஸ்மீது தீர்த்தம் தெளிக்கச் சொல்லி ஊரார் கேட்டார்கள். சாமியார் அருகே போனதும் யூதாஸ் எழுந்து தொப்பியைக் கழற்றினான். தெளித்த தீர்த்தத்தைக் கையால் துடைத்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். "பிசாசுக்கு இவ்வளவு மரியாதை தெரியாது" என்று சொல்லிவிட்டுச் சாமியார் பூசை வைக்கப் போனார். பூசையின் தொடக்கத்தில் எல்லோரும் மார்பில் தட்டிக்கொண்டு, நினைத்ததிலும் சொன்னதிலும் செய்ததிலும் பாவம் என்று சத்தமாகச் சொன்னார்கள். செய்யாமல் விட்டதிலும் என்ற இடம் வந்தபோது கோயில் முழுவதும் இருமல் பரவியது. சாமியார் நிறுத்தி, அந்த ஒரு வரியை மட்டும் மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடியும் இருமினார்கள்.

பூசைக்கு முன்பே ஒத்தீலியா பாவசங்கீர்த்தனம் செய்யப் போயிருந்தாள். தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியாருடைய சட்டையில் கழுதை வாடை அடித்தது. அவள் உபதேசியாரின் பெயரைச் சொன்னதையும், பாதிக் காதன் எழுந்ததையும் சொன்னாள்.

"வாழ்த்துச் சொன்னது பாவமில்ல மகளே," என்றார் அவர். "அதுக்கப்புறம்?"

"அப்புறம் சும்மா இருந்துட்டேன், சாமி."

"எத்தன நாளா?"

"இன்னும் சும்மாத்தான் இருக்கேன்."

சாமியார் தட்டிக்கு இன்னும் நெருங்கினார். "முடிஞ்சுபோன பாவத்துக்குத்தான் என்னால மன்னிப்புக் கொடுக்க முடியும். நடந்துட்டிருக்கிற பாவத்துக்கு நான் என்ன செய்ய? முடிச்சுட்டு வா."

"வீட்டக் காலி பண்ணச் சொல்லிருவாங்க, சாமி. புருஷன் வேலையும் போயிரும்."

"போகும்," என்றார் சாமியார். போகாது என்று அவர் சொல்வார் என்றுதான் அவள் எதிர்பார்த்திருந்தாள். பாவமன்னிப்பு இல்லாமல், நன்மை அப்பம் வாங்காமல், பூசை முழுக்கப் பின்னாலேயே நின்றாள். அதையும் சிலர் குறித்துக்கொண்டார்கள்.

வீட்டுக்குத் திரும்பியபோது அடுப்பங்கரையில் யூதாஸ் உட்கார்ந்திருந்தான். ருஃபீனோ அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சோள ரொட்டி தின்றுகொண்டிருந்தார். யூதாஸின் முகத்தின்மேல் ஒரு கரித்துணி போட்டிருந்தது.

"இதை யாரு மூடினது?" என்றாள் அவள்.

"நான்தான். சாப்புடறப்ப அந்த நாவிதன் மூஞ்சியப் பாக்கணுமா?"

அவள் துணியை எடுத்தாள். அவளுடைய முகம் அவளையே பார்த்தது. ருஃபீனோ திரும்பவில்லை. இருபது வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு அந்த முதுகின் பாஷை தெரியும். அந்த முதுகு பயந்திருந்தது. அதில் அவர் பார்த்தது நாவிதரை அல்ல என்று அவளுக்குச் சந்தேகம் தட்டியது அப்போதுதான். ஆனால் அதைக் கேட்பதற்குள் திடலிலிருந்து சத்தம் கேட்டது.

நசாரியோவைக் கடையிலிருந்து இழுத்து வந்து இலவ மரத்தில் சாய்த்து நிறுத்தியிருந்தார்கள். அடிக்கவில்லை, சட்டையைப் பிடித்திருந்தார்கள், அவ்வளவுதான். உபதேசியாரை விற்றதை ஒத்துக்கொண்டு ஊரைவிட்டுப் போய்விடு என்றார்கள். ஒத்துக்கொள்ள ஒன்றுமில்லை என்றார் அவர். இலாரியோ கையில் மண்ணெண்ணெய் டின்னோடு நின்றார். "தோகைதான் பிடிக்க மாட்டேங்குது. மாம்சம் பிடிக்குதான்னு பாத்துருவோமா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், நாலைந்து பேர் சேர்ந்து சிரித்தார்கள், ஆனால் டின்னின் மூடி திறந்திருந்தது. கசில்தா ஒரு ஓரமாக நின்றாள். அவள் அந்தக் கூட்டத்தில் சேரவில்லை, தடுக்கவும் இல்லை. கூட்டத்தைப் பார்த்தபோது அவளுக்கு வெறும் களைப்புத்தான் இருந்தது. இத்தனை பேருக்கு இவ்வளவு தைரியம் இருந்தும் அதில் ரெண்டு பேர் தனக்குக் கிடைக்கவில்லையே என்று அவள் நினைத்ததாகப் பிற்பாடு சொன்னாள்.

ஒத்தீலியா யூதாஸின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு கூட்டத்துக்குள் வந்தாள். விழாவுக்குக் கூட்டி வருவதுபோல நிதானமாக வந்தாள். ஆட்கள் வழிவிட்டார்கள்.

"நாவிதர விடுங்க," என்றாள். "இது அவரு மூஞ்சி இல்ல. இது என் மூஞ்சி."

யூதாஸின் கையை விடாமலே அவள் மேலே சொன்னாள். "தோன் மெலேசியோவ நான்தான் பேரு சொல்லிக் கூப்பிட்டேன். அவனுங்களுக்கு ஆளத் தெரியாது, என் வாயாலதான் தெரிஞ்சுது. நான் குனியல. எல்லாத்தையும் பாத்தேன். அவரு கயித்துக் கட்டக் கீழ வெச்சுட்டு, உங்க எல்லாரையும் ஒரு தடவ பாத்துட்டுத்தான் வண்டியில ஏறுனாரு. ஒருத்தனுக்குப் பாதிக் காது இல்ல. நான் இப்பவே நீதிபதிகிட்டப் போறேன். இன்னும் ஒரு ஆளு வேணும். ஒரே ஒரு ஆளு."

அடுத்து நடந்ததை ஒரு ஒழுங்கில் சொல்வது கடினம். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள், யூதாஸைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒத்தீலியாவைப் பிடித்து மரத்தில் சாய்க்க வேண்டும் என்று ரெண்டொருவருக்குத் தோன்றியிருக்கும், கைகள் அசைந்தன. அப்போது இலாரியோ டின்னைக் கீழே வைத்தார்.

"உன் மூஞ்சியா?" என்றார். "நல்லாப் பாருங்க தோன்யா ஒத்தீலியா. அந்த மூக்கு யாரு மூக்கு? எங்க அப்பன் மூக்கு, அப்புறம் என் மூக்கு. சனிக்கிழமை மரத்துல தொங்கறப்பவே எனக்குத் தெரிஞ்சுது. அதனாலதானே ரெண்டாவது டின்ன என் காசுல வாங்குனேன்?"

வெங்காயக்காரி, மூக்கு யாருடையதோ தெரியாது, கன்னத்து மச்சம் தன்னுடையது என்றாள். அந்த மச்சம் தன்னுடையது என்று ஆசிரியை சொன்னார். வயல் வரப்புக்குச் சண்டை போடுவதுபோலச் சண்டை மூண்டது. கோயில்பிள்ளை, வரைந்தவனுக்குத் தெரியாதா, அது தன் முகம்தான் என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டு அழுதார். இத்தனை நாளும் ஒவ்வொருவரும் தன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தவர் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள் என்பது ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குத் தெரிந்துகொண்டே போனது. ருஃபீனோ கூட்டத்தின் ஓரத்தில் வந்து நின்று, யாரும் கேட்காமலே, "என் மூஞ்சியும் இருக்கு" என்றார். மரத்தடியில் சட்டையைச் சரிசெய்துகொண்டிருந்த நசாரியோவிடம் எல்லோரும் மன்னிப்புக் கேட்கப் போனபோது அவர் தலையை ஆட்டினார்.

"எனக்கும் அது என் மூஞ்சியாத்தான் தெரியுது," என்றார். "அன்னிக்குக் கடைக்குள்ள இருந்தபடியே கண்ணாடியில பூராத்தையும் பாத்தேன். பாத்துட்டுக் கண்ணாடியச் சுவத்துப் பக்கம் திருப்பி வெச்சேன். சவரம் பண்றப்ப அவன்கிட்ட அதைத்தான் சொன்னேன்."

அவள் கேட்டது ஒரு ஆள், கிளம்பியது ஊரே. சேர்ந்து போகவில்லை, இன்னும் ஒருவரையொருவர் நம்பவில்லை. ஒவ்வொருவரும் கூப்பிடு தூரம் விட்டு, உப்பு வாங்கவோ மாமியாரைப் பார்க்கவோ போகிற பாவனையில் மலைப்பாதையில் இறங்கினார்கள். முன்னால் ஒத்தீலியாவும் கசில்தாவும் நடந்தார்கள். இறக்கம் முழுவதும் கசில்தா ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் ஓடையைக் கடக்கும் இடத்தில் கல்லில் கால் வழுக்கிய ஒத்தீலியாவுக்குக் கை கொடுத்தாள். கடைசியில் யூதாஸ் வந்தான். நீதிமன்றச் சேவகன் பொம்மைகளுக்கு அனுமதி இல்லை என்றதால் வெளியே படியில் உட்கார்ந்துகொண்டான்.

நீதிபதிக்கும் சந்தேகம் வந்தது. நேற்றுவரை ஒரு சாட்சி இல்லாத ஊரிலிருந்து இத்தனை பேர் வந்தால் யாருக்குத்தான் வராது? ஒவ்வொருவரையும் தனித்தனியே கூப்பிட்டுக் கேட்டார். அவர்கள் உண்மையைச் சொன்னார்கள், ஆனால் ஜீப் வந்து நின்றதுமே எல்லோரும் நிஜமாகவே குனிந்துவிட்டதால், பார்த்தது முழங்காலுக்குக் கீழேதான், நசாரியோவின் கண்ணாடியில் விழுந்ததும் அந்த ஆட்களின் முதுகுதான். ஒருவர் படைவீரர் பூட்சைப் பார்த்திருந்தார், ஒருவர் சக்கரத்தை, ஒருத்தி மெலேசியோவின் செருப்பு ஒன்று கழன்று தரையில் கிடந்ததை, இன்னொருவர் அதை ஒரு பூட்ஸ் உதைத்து வண்டிக்கடியில் தள்ளியதை. மூன்று டஜன் கால்களை வைத்து ஒரு கைதை எழுத முடியுமா என்று நீதிபதி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "மூஞ்சிய ஒருத்தராவது பாத்தீங்களா?" என்று கேட்டார். ஒத்தீலியா பதில் சொல்லாமல் ஜன்னலுக்குப் போய்க் கையை நீட்டினாள். எதிரே முகாம் வாசலில், காவலுக்கு நின்றபடி, பாதிக் காதன் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தான். நீதிபதி அன்று தன் அறைக் கதவைச் சாத்தவில்லை. உத்தரவை வெளியே ஊருக்கும் கேட்கும்படி சத்தமாகப் படித்தார். ஊரே வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததால், அப்படி ஒரு ஆள் இல்லை என்று முகாமில் இந்தத் தடவை சொல்ல முடியவில்லை.

மெலேசியோவை வெளியே விட்டார்கள். உயிர் இருந்தது. பாதி ஆளாகியிருந்தார், சில பற்கள் இல்லை, குரல் போயிருந்தது. கசில்தா அவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. முன்பே வந்திருந்தால் குரலாவது மிஞ்சியிருக்கும் என்று முகாமின் சமையல்காரன் ஒருவன் இலாரியோவிடம் சொன்னான். அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம் என்று இலாரியோ சாகும்வரை வருத்தப்பட்டார். குரல் திரும்பவே இல்லை. நாட்டு மருந்து, நகரத்து மருத்துவர், தேன், நேர்ச்சை எல்லாம் பார்த்தாயிற்று.

ஒத்தீலியாவின் வீட்டைத் தோட்டத்துக்காரர்கள் அந்த வாரமே இடித்தார்கள். ருஃபீனோவுக்கு வேலை போனது. நசாரியோ தன் கடையின் பின்னறையைக் கொடுத்தார்; ருஃபீனோ அங்கே நுரை தடவக் கற்றுக்கொண்டார், கற்றுக்கொண்டபடியே மனைவியைத் திட்டி முணுமுணுத்தார், இன்றும் முணுமுணுக்கிறார். ஆனால் ஊர் ஆலைக்குச் சேர்ந்து போனபோது முன்வரிசையில் நின்றவர் அவர்தான், கழிவுத் தண்ணீர்க் குழாய் எங்கே திரும்புகிறது என்று காட்டியவரும் அவர்தான். இப்போது அந்தத் தண்ணீர் குழிக்குப் போகிறது. முதலாளி ஊரில் இல்லாத நாட்களில் ஓடைக்கும் போகிறது, அதனால் யாராவது ஒருவர் போய்ப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. சந்தேகம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. மெலேசியோ உள்ளே இருந்தபோது யார் யார் பெயரைச் சொல்லியிருப்பாரோ என்று கொஞ்ச நாள் பேசிக்கொண்டார்கள். ஒரு பெயரைக்கூடச் சொல்லாததால்தான் அவருக்குக் குரல் போனது என்று புரிந்த பிறகு அந்தப் பேச்சு நின்றது.

யூதாஸ் ஊரிலேயே தங்கிவிட்டான். அவனை எரிப்பதைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. வருடா வருடம் அறுவடை முடிந்ததும் புதுத் தோகை அடைக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மெலேசியோ கோயிலின் கடைசி வரிசையில் உட்காருகிறார், அவருக்குப் பக்கத்தில் யூதாஸ். சாமியார் வராத ஞாயிறுகளில் ஆசிரியை வாசகம் வாசிக்கிறார். அதற்குப் பிறகு முன்பு மெலேசியோ பேசிவந்த அந்த இடம் வருகிறது. யாராவது எழுந்து, அந்த வாரம் ஊரில் தான் பார்த்ததைச் சொல்ல வேண்டும்: யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை, கங்காணி யார் கூலியைப் பிடித்துக்கொண்டான், எந்தப் பெண்ணின் கையில் காயம் இருந்தது. லேசான காரியமில்லை. சம்பந்தப்பட்டவர்கள் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். எல்லோரும் செருப்பைப் பார்ப்பார்கள், ஜன்னலைப் பார்ப்பார்கள், மெதுவாக இருமல் கிளம்பும். அது நீண்டுபோனால் பின்வரிசையில் தோகை சரசரக்கும். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, முன்பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு யூதாஸ் எழத் தொடங்குவான். அவன் முழுதாக நிமிர்வதற்குள் எப்போதும் யாராவது ஒருவர் எழுந்து பேசிவிடுகிறார்கள். அவன் மறுபடி உட்கார்ந்துகொள்கிறான். இதுவரை அவன் பேச நேர்ந்ததில்லை.